உறை மோர் என்று சொன்ன மருந்து

கும்மிடிப்பூண்டியில் பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலையில் வேலை செய்கிறேன். சாயம் ஏற்றி முடித்தால் மிஷினுக்குள்ளும் துணியிலும் வெள்ளையாக மாவு படியும். பாலியஸ்டரிலிருந்தே கழன்று வரும் கழிவு அது. கறுப்புத் துணியில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். காஸ்டிக் சோடாவைக் கொதிக்க விட்டுத்தான் அதைப் போக்குவோம்.

என்னோடு அந்த வேலையில் இருக்கும் அண்ணன் தேர்வாய் கண்டிகைப் பக்கம். காஸ்டிக் பட்டுப் பட்டு அவர் விரல்கள் வெடித்துக் கிடந்தன. கையுறைக்குள்ளும் எப்படியோ இறங்கிவிடும். குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார்.

"தொர இன்னா, இன்னிக்கு முள்கரண்டி கொண்டாரலையா?" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். இந்த வேலையை விட்டுவிடச் சொல்லியிருந்தார் தோல் டாக்டர். வேறு வேலை தர ஆளில்லை.

போன வருடம் காஸ்டிக்குக்குப் பதிலாக என்சைம் என்ற மருந்து கேனில் வந்தது. எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று ஆலை கெமிஸ்ட், "உறை மோர் மாதிரிங்க. கொஞ்சம் ஊத்தினா போதும், மாவைத் தின்னுடும். கொதிக்க மட்டும் வெச்சிடாதீங்க" என்றார். சில வாரங்களில் அண்ணனின் வெடிப்புகள் மூடத் தொடங்கின. என்னிடம் கையை விரித்துக் காட்டினார்.

ஒருநாள் கேன் காலியாகிவிட்டது. புது கேன் வரவில்லை. முந்தைய தடவை என்சைம் ஊற்றி ஓட்டிய தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வைத்திருந்த அண்ணன், புது என்சைமுக்குப் பதிலாக அதையே மிஷினில் ஊற்றினார்.

"ஒரு கரண்டி மோர் இருந்தா குண்டான் பாலும் தோஞ்சிடுது இல்ல நைனா?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

துணி முழுக்க மாவோடு வந்தது. வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அது உயிரு கெடையாதுங்க, தன்னால பெருகாது" என்றார் கெமிஸ்ட், நடந்ததைக் கேட்டுவிட்டு. தான் சொன்ன உவமைதான் தப்பு என்று மேனேஜரிடமும் சொன்னார். மேனேஜர் முகம் இளகவில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அன்று பேசினேன். "சார், புதுசு ஊத்தி இன்னொரு தபா பாக்கலாம் சார்."

"காஸ்டிக்னா எவன் எப்டி ஊத்தினாலும் வேலை செய்யும். எனக்கு அதான் வேணும்."

திங்கட்கிழமை காஸ்டிக் மூட்டைகள் வந்து இறங்கின. முதல் மூட்டையை அண்ணன்தான் பிரித்தார்.

"தள்ளி நில்லு நைனா, தூள் பறக்கும்" என்றார்.