கப்புக்காக மறித்த பொடியன்

எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் வெள்ளிப்பூச்சுப் போன கப் ஒன்று. அது என்னால் வந்தது என்று ஊர் சொல்லும். அதை வென்று தந்த பொடியனை ஒரு வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போகவிடாமல் மறித்து வைத்தவனும் நான்தான். அதை ஊர் சொல்லாது, ஊருக்குத் தெரியாது. இப்போது வயது போய்விட்டது, யாருக்கு ஒளித்து என்ன? எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தாறில் அந்தக் கல்லூரிக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனேன். நாடெங்கும் தனிச் சிங்களம் என்ற மொழிச் சட்டம் பற்றிய கதை. எனக்கோ கல்லைப் பற்றித்தான் கவலை. கோப்பாய்ப் பக்கம் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புக்கல் வரும். எங்கள் மைதானத்தில் அந்த ஒரு சாணும் தோண்டத் தேவையில்லை. கிரிக்கெட்டுக்குப் பொறுப்பாக ஆளில்லை என்று கல்லூரி அதிபர் அதை என் தலையில் கட்டினார். "நீங்கள் இளம் ஆள் மாஸ்டர், ஓடித் திரிவியள், பாருங்கோவன்" என்றார். கல்லூரி நாளில் நாலு மட்ச் விளையாடியிருக்கிறேன் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னதால் வந்த வினை.

முதல் வருடம் பட்டணத்துக் கல்லூரி ஒன்றோடு விளையாடினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எங்களைச் சுருட்டிவிட்டார்கள். எங்கள் மைதானத்தில் ஆடு மேய்கிறது என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்த அவர்களுடைய பொடியள், எங்கள் ஆள் ஒவ்வொருவன் ஆட்டமிழந்து வரும்போதும் "மே... மே..." என்று கத்தினார்கள். ஒருவன் என்னிடமே வந்து, "சேர், அடுத்த முறை ஆட்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அது கொஞ்ச நேரம் நிண்டு ஆடும்" என்றான்.  உங்களை ஒருநாள் மண் கவ்வ வைக்கிறேன் பார் என்று பஸ்சில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். அந்தப் பல்லுக்கடி பதினான்கு வருடம் விடவில்லை.

மட்டையைத் தொடுமுன் ஒவ்வொருவனும் பத்துக் கல் பொறுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். பந்து எறியும் இடத்தில் விரிக்கிற தும்புப் பாயைப் பிரேதம் காவுவது போல எட்டுப் பேர் தோளில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஆணி அடித்து இறுக்குவது என் வேலை, வேறு யாரையும் நம்பமாட்டேன். கல்லெல்லாம் பொறுக்கி முடிந்தாலும் தகப்பன்மார் முடியவில்லை. அதுதான் பெரிய கல். சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். கிணற்றடியில் நின்றபடியே கேட்பார்கள்:

"கிரிக்கெட் சோறு போடுமே மாஸ்டர்?"

 நான் ஒரு பேரம் பேசினேன். என்னிடம் விளையாடுகிறவனுக்குச் சனிக்கிழமைகளில் கணக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பேன். காசு வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவன் பிள்ளையைக் கடலுக்குள்ளும் இறக்குவான். பொடியள் வந்து குவிந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கணக்கும் ஓடியது. என் ஆட்டக்காரர்களில் எஞ்சினியர்மார் வந்தார்கள், கணக்காளர்கள் வந்தார்கள். மெல்ல மெல்ல மட்சுகளையும் வெல்லத் தொடங்கினோம். "அந்த மாஸ்டரிட்டை விட்டால் இரண்டும் வரும்" என்று ஊரில் ஒரு பேர் உண்டாயிற்று. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம். ஆனால் பட்டணத்துக் கல்லூரியை மட்டும் வெல்ல முடியவில்லை. அந்த ஒரு மட்சுக்குத்தான் கப்.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகன். விடிய எழும்பித் தகப்பனோடு தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு, காலில் சேறு காயமுன் பயிற்சிக்கு நிற்பான். அதிகம் கதைக்கமாட்டான். விரல் நீளம். அவன் எறிந்த பந்து தும்புப் பாயில் விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது. கணக்கிலும் அப்படித்தான், நான் கரும்பலகையில் பாதி எழுதுமுன் விடையைக் கொப்பியில் எழுதிவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பான். பதினான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு சுழல்பந்துக்காரன்.

அவன் முதன்முறை பல்கலைக்கழகப் புகுமுகச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில் பட்டணத்தாரோடு மட்ச் வந்தது. அவன் ஒருபக்கம் தனியாளாகப் போராடினான். மற்றப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவன் கைக்குள் வந்த பிடியைக் கோட்டை விட, கடைசி விக்கெட்டில் தோற்றோம். நான் அன்று சாப்பிடவில்லை. அவனும் இன்னும் ஒரேயொரு வருடமும் இருந்தால் கப் எங்களுடையது. அந்த நினைப்பு என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

பெறுபேறு வந்தது. கொழும்பில் விஞ்ஞானம் படிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. எஞ்சினியரிங் சொற்பத்தில் தவறிவிட்டது. ஒருநாள் பின்னேரம் தகப்பன் வேட்டி மடிப்புக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். மகனும் பின்னால் நின்றான்.

"மாஸ்டர், உவன் போறன் எண்டுறான். தாயும் போகட்டும் எண்டுறாள். ஊரிலை எல்லாரும் இன்னொருக்கா சோதனை எடுத்தால் எஞ்சினியர் எண்டு சொல்லினம். எனக்கென்ன தெரியும், நான் தண்ணி மாறுறவன். நீங்கள் கணக்குப் படிப்பிச்சனீங்கள். நீங்கள் சொன்னால் அதுதான் முடிவு."

எங்கள் ஊரில் அது புதுமையல்ல. கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, டொக்டரோ எஞ்சினியரோ ஆகும்வரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று சோதனை எழுதுகிற பொடியள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆகவே நான் என்ன சொன்னாலும் அது நியாயமாகவே கேட்கும். அது எனக்குத் தெரியும். என் வாய் திறந்தபோது என் கண்ணுக்குள் நின்றது எஞ்சினியர் அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன், கப் நின்றது.

"இவன்ரை மூளைக்கு உது காணாது அண்ணை" என்றேன். "ஒரு வருசம் பொறுங்கோ. எஞ்சினியரிங் எங்கை போகப் போகுது? நான் பாத்துக்கொள்ளுறன்."

தகப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். "சேர், கிடைச்சதுக்குப் போனால் என்ன?" என்று மெதுவாகக் கேட்டான். "விசர்க்கதை கதையாதை" என்றேன். அதோடு சரி.

வீட்டில் மனைவிக்குச் சொன்னபோது அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இஞ்சேருங்கோ, உது அவனுக்காகச் சொன்னதோ, உங்கடை கப்புக்காகச் சொன்னதோ?" என்று கேட்டாள். "உனக்கு என்ன தெரியும்" என்று சீறி விழுந்தேன். அவள் மறுபடி ஊதத் தொடங்கினாள்.

சோதனை டிசம்பரில். ஒக்டோபரிலேயே அவனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலம் போதும் என்றேன், அது இரண்டாயிற்று. சோதனைக்கு முதல் கிழமையில்கூட, "மூளைக்கும் ஓய்வு வேணும், வந்து நாலு பந்து போட்டிட்டுப் போ" என்று ஆளனுப்பினேன். வந்தான். பொடியன் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? விட்டிருக்கமாட்டேன்.

அடுத்த பங்குனியில் பட்டணத்தாரை வென்றோம். அவன் இரண்டு நாளும் ஒரு முனையை விடாமல் பிடித்துப் போட்டான், கடைசியில் விரல் வெடித்து இரத்தம் வந்தது. ஆடு போலக் கத்தின கூட்டம் வாயடைத்துப் போய் நின்றது. பொடியள் என்னைத் தூக்கினார்கள். பதினான்கு வருடப் பல்லுக்கடி அன்று விட்டது. கண்ணால் தண்ணீர் ஓட ஓட நான் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சந்தோசம் வருகிறது. வெட்கம் கெட்ட மனசு.

அதற்குப் பிறகு பெறுபேறு வந்தது. அந்த வருடம்தான் தரப்படுத்தல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தமிழில் எழுதினவனுக்கு மற்றவனைவிடக் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். கணக்கில் அவன் பழைய மாதிரியே எடுத்திருந்தான். பௌதிகத்தில் முதல் முறையிலும் பார்க்கக் குறைவு. எஞ்சினியரிங் போயிற்று. முதல் முறை கையில் இருந்த விஞ்ஞானமும் போயிற்று.

ஊர் கொதித்தது. சந்திக்குச் சந்தி கூட்டம், ஊர்வலம், பேச்சு. அநியாயம்தான், அதில் சந்தேகமில்லை. நானும் அந்தக் கூட்டங்களில் முன்னுக்கு நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மற்றவர்கள் கோபத்தில் கத்தினார்கள். நான் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த நிம்மதியில் கத்தினேன். தகப்பன் என் கையைப் பிடித்து, "அவங்கள் செய்த அநியாயம் மாஸ்டர், நீங்கள் என்ன செய்வியள்" என்று அழுதார். "ஓம் அண்ணை" என்றேன். கடவுளே, அந்த ஓம்!

அவன் மூன்றாம் முறையும் எழுதினான். அந்த முறை சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. வழியில் கண்டு ஏன் என்று கேட்டேன். "காணும் சேர்" என்று மட்டும் சொன்னான், போதுமாம். மூன்றாம் முறை இன்னும் மோசம். பிறகு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் சாக்குக் கட்டும் பகுதியில் வேலைக்குப் போனான். முறைவேலை முடிந்து வருகிறவனைச் சிலநாள் பஸ்சில் காண்பேன். இமை மயிரெல்லாம் சாம்பல் நிறம். எழும்பி எனக்கு இடம் தருவான். நான் இருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவேன்.

அந்தக் கப்புக்குப் பிறகு நாங்கள் பட்டணத்தாரை மறுபடி வெல்லவில்லை. வெல்ல எனக்கு மனமும் வரவில்லை. சோதனை வருகிற பொடியள் பயிற்சிக்கு வந்தால், "போய்ப் படியடா" என்று துரத்தினேன். மாஸ்டருக்கு வயது போய்விட்டது என்றார்கள். நான் கட்டியெழுப்பிய அணி என் கண்முன்னே குலைந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் நடந்தது. பேசின ஒவ்வொருவரும் அந்தக் கப்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல் இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம் வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. போய்ப் பார்த்தால் அந்தத் தகப்பன். நன்றாகக் கூனிவிட்டார். கையில் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவன் மூத்தவன், ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றான். தலையில் நரை விழுந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன், தகப்பன் கேட்கவில்லை.

"ஒரு கதை கேட்டுப் போட்டுப் போக வந்தனான் மாஸ்டர். கடைசியானுக்கு விவசாயம் படிக்க இடம் வந்திருக்கு. அவன் டொக்டருக்குத்தான் படிப்பன், இன்னொருக்கா எடுப்பன் எண்டு நிக்கிறான். நீங்கள் சொன்னால் அதுதான் முடிவு."

அதே சொல். பத்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல் மாறவில்லை. 

"அனுப்புங்கோ அண்ணை" என்றேன். "இண்டைக்கே அனுப்புங்கோ. கிடைச்சதை விடக்கூடாது. ஆர் என்ன சொன்னாலும் கேளாதையுங்கோ."

அவர் தலையாட்டினார். பிறகு எதையோ யோசித்தவர் போல என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, குத்தலில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

"அப்ப மூத்தவனை ஏன் மாஸ்டர் மறிச்சனீங்கள்?"

 தரப்படுத்தல் என்று சொல்லலாம். இத்தனை வருடமும் அதைத்தானே சொன்னேன்.  அவன்தான் தகப்பனுக்குப் பதில் சொன்னான், சைக்கிள் ஹாண்டிலைப் பார்த்தபடி, மிகச் சாதாரணமாக:

"ஐயா, அந்த வருசம் சேரிட்டை ஸ்பின் போட வேறை ஆளில்லை."

அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே, அந்த மைதானத்தில் நின்றபோதே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே விரல் வெடிக்கப் போட்டான். தெரிந்துகொண்டே பஸ்சில் எழும்பி இடம் தந்தான். செருப்பைக் கழற்றி என்னை அடித்திருக்கலாம்.

 தகப்பன் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீப்பைப் படலைத் தூணோடு சாய்த்து வைத்தார்.

"அப்பிடியோ" என்றார். "அப்ப சரி. வாறம் மாஸ்டர்."