அக்காவைக் கேட்கவும்

மணப்பெண்ணின் கன்னத்துப் பருவைத் திரையில் பெரிதாக்கி, அதைப் பக்குவமாக அழித்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் பதில் சொல்வார் அக்கா. "வழுக்கை மாப்பிள்ளை கல்யாணமா? மூணாவது டிஸ்க்கைத் திற. 'புதுசு'ன்னு இருக்கும். அதுக்குள்ள 'கடைசி'. பக்கத்துலயே 'நிஜமாவே கடைசி'ன்னு ஒண்ணு இருக்கும், அது பழசு. அதைத் தொட்டுடாதே." சொன்ன வழியே போனால் மாப்பிள்ளை அங்கே இருப்பார்.

அந்தப் போட்டோ ஸ்டூடியோவில் படங்களைச் சரிசெய்வதுதான் அக்காவின் வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு: எந்தப் படம் எந்த ஃபோல்டரில் என்று சொல்வது. காலையில் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவா, இன்னைக்கும் எல்லாம் ஞாபகத்துல நிக்கணும்" என்று வேண்டிக்கொண்டுதான் உட்காருவார். நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்கு மதியச் சாப்பாடே வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

ஆல்பம் வடிவமைக்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். குணமான பெண். "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு ஃபோல்டராகக் கேட்டாள். தன்மேல் பிரியப்பட்டுத்தான் கேட்கிறாள் என்று அக்காவும் அள்ளிக் கொட்டினார். கடைசியில் பார்த்தால், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு மென்பொருளைப் போட்டு அத்தனையையும் அதில் எழுதி வைத்திருக்கிறாள். ஃபோல்டரின்மேல் அம்புக்குறியை வைத்தால் போதும். யார் வீட்டு விசேஷம், எது முடிந்த படம், எதைத் தொடக்கூடாது என்று மஞ்சள் சீட்டு ஒன்று விரியும்.

"இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம்பா!" என்று முதலாளி கைதட்டினார்.

அக்காவும் கைதட்டினார். உள்ளே எரிந்தது.

அதன்பிறகு அவர் மேஜைப் பக்கம் ஆள் வரத்து நின்றுபோனது. "அந்த வழுக்கை மாப்பிள்ளையோட பெரிய மாமா கோவிச்சுக்கிட்டு ஒரு படத்துலயும் நிக்காம போனாரே, அதை எழுதியிருக்காளா?" என்று வீடியோ எடிட்டரிடம் குறைபட்டார். "அவர் கோவம் நமக்கு எதுக்குக்கா?" என்றான் அவன். காலை வேண்டுதலும் மாறியது. "ஆண்டவா, அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். ரொம்ப நல்லா இருக்கட்டும். வேற ஸ்டூடியோவுல."

ஒருநாள் அவள் சாப்பிடப் போன சமயம் அக்கா அந்த மென்பொருளைத் திறந்தார். யாருக்கும் கெடுதல் இல்லாமல், ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் "அக்காவைக் கேட்கவும்" என்று எழுதிப் பார்க்கும் ஆசை. எழுதினார். 'உள்ளே இருப்பவற்றுக்கும் இதையே போடலாமா?' என்று அது கேட்டது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'ஆம்' என்றுவிட்டால் தொல்லை தீரும் என்பது அக்காவின் அனுபவம். 'ஆம்' என்றார். பதற்றத்தில் அவர் கை பட்டிருந்ததோ, எல்லா ஃபோல்டரையும் தனக்குள் வைத்திருந்த தாய் ஃபோல்டரில்.

"அக்கா, எதைத் தொட்டாலும் உங்களைத்தான் கேக்கச் சொல்லுது!" வீடியோ எடிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னக்கா, எலெக்ஷன்ல நிக்கிறீங்களா?"

ஆல்பப் பெண் ஈரக் கையோடு ஓடிவந்தாள். திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "தெரியாம பண்ணிட்டேம்மா..." என்றார். பாதி உண்மை.

அவள் அக்காவின் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுஸைப் பிடித்தாள். எதையோ தேடினாள். மூச்சு விட்டாள். "பயப்படாதீங்கக்கா. நான் எழுதினதெல்லாம் அடியில பத்திரமா இருக்கு. ஒரு தட்டு தட்டினா பழையபடி வந்துடும். தட்டட்டுமா?"

அதற்குள் முன்னறையிலிருந்து முதலாளியின் குரல். "அக்கா! அந்த இரட்டைக் குழந்தைங்க படம் எங்க? வந்து நிக்கிறாங்க."

மவுஸின்மேல் இருந்த அந்தப் பெண்ணின் கையை, அசையாதபடி, தன் கையால் மெல்லப் பொத்திக்கொண்டார் அக்கா. பிறகு முன்னறைப் பக்கம் திரும்பினார்.

"எந்த இரட்டை? சிரிக்கிறதுங்களா, அழறதுங்களா?"