முடிச்சுக்குள் இரண்டு நோட்டு

பேத்திக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை. ராஜபாளையத்து டாக்டர், "பயிற்சி குடுங்க, நடப்பா" என்றார். என் மனைவி அதோடு நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிய உட்கார்ந்துவிட்டாள். பதினோரு ரூபாய் போதும் என்றாள். நான் கேட்பேனா? அவள் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டாமா? பர்ஸிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் நோட்டை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன்.

மைத்துனன் அதன் மேல் ஒரு நோட்டை வைத்தான். ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி.

"ஏலே மாப்ளே, நம்மூர்க் காசுக்கு இது எம்புட்டு?"

"அறுபதாயிரம் இருக்கும் அத்தான்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன். பேண்டேஜ் துணி மில்லில் என் மூன்று மாதச் சம்பளம், ஒரு வெற்றிலை கனம்கூட இல்லை!

"பத்தாயிரம் வெள்ளி நோட்டுகூட உண்டு அத்தான். சுவிஸ்ல ஆயிரம் பிராங்க்."

மனைவி இரண்டு நோட்டையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்தாள்.

சில வாரத்தில் இரண்டாயிரம் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. ஊரே வங்கிக்கு ஓடியது. நான் முடிச்சில் கை வைத்தேன்.

"தொடாதீங்க! சாமிக்கு முடிஞ்சத நடுவுல அவுத்தா பிள்ள எப்படி நடக்கும்?"

நோட்டை மாற்றக் கொடுத்த கெடு முடிந்தது. மறு வருஷம் பேத்தி நடந்தாள். மனைவிக்குச் சந்தோஷத்தோடு பயமும் பிடித்துக்கொண்டது. செல்லாத நோட்டைப் போட்டு சாமியை ஏமாற்றினால் நடை நின்றுவிடுமோ? நோட்டு என்னுடையது என்பதால் விசாரிக்கும் வேலையும் என் தலையில்.

வங்கிக் காசாளர் சிரித்தார். "சட்டப்படி இன்னிக்கும் செல்லும் சார். ஆனா இங்க வாங்க மாட்டோம். நோட்டு வெளியிடுற தலைமை வங்கிக்குத் தபால்ல அனுப்புங்க."

மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"இங்கயும் அதே கததான் அத்தான். ஆயிரம் வெள்ளிய வெளியிடுறத நிப்பாட்டியாச்சு, பத்தாயிரத்தையும்தான். ஐரோப்பாவுல ஐந்நூறு யூரோவும் அப்படி. ஆனா எல்லாம் செல்லும்."

"சுவிஸ்காரன்?"

"அவன் இன்னும் நோட்டு அடிக்கான்."

போனை வைத்துவிட்டு அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அச்சடிப்பதையே விட்ட பிறகும், 'எப்ப வேணும்னாலும் கொண்டு வா, சொன்ன சொல் சொன்னதுதான்' என்று ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு தேசமே நிற்கிறது. நான் கொடுக்கிற வாக்குக்கு ஒரு வாரம்கூட ஆயுள் கிடையாது.

மலையேறினோம். உண்டியல் பக்கத்தில் நின்ற கோயில் ஊழியரிடம் மனைவி எல்லாவற்றையும் சொல்லி, "போடலாமாய்யா?" என்றாள்.

"நோட்ட மாத்துறது எங்க பாடும்மா. பிள்ள நடந்துச்சா இல்லையா?"

பேத்தி அதற்குள் முடிச்சைப் பிடுங்கிக்கொண்டு உண்டியலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். உண்டியலின் வாய் எட்டவில்லை. தூக்கிவிடப் போனேன்.

"விடுங்க," என்றாள் மனைவி. "எட்டுவா."

குதிகால் இரண்டையும் உயர்த்தி, விரல் நுனியில் நின்றாள். ஒரு தரம் தள்ளாடினாள். விழவில்லை. அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்ததில், அறுபத்திரண்டாயிரம் உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.