தம்பியின் முதுகுப்பலகை

தம்பிக்கு நாலு வயதாகியும் முதுகு நிற்கவில்லை. உட்கார வைத்தால் இடப்பக்கமாகச் சரிந்து விழுவான். அப்பா தச்சர், திருவொற்றியூரில் ஒரு மரப்பட்டறையில் வேலை. மகனுக்காக இரண்டு நாற்காலிகள் செய்து பார்த்தார். இரண்டுக்கும் நேரான முதுகு. தம்பி இரண்டிலிருந்தும் வழுக்கிக் கீழே வந்துவிட்டான்.

அம்மாவின் தம்பி, பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் மாமா, ஒருநாள் போனில் ஏதோ வீடியோவைக் காட்டினார். வெனீர் என்கிற, அப்பளம்போல் மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சின் மேல் வைத்து, அப்படியே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டியதுதானாம். காய்ந்தால் பலகை அந்த வளைவிலேயே நின்றுவிடுமாம்.

“காத்த எட்த்துட்டா மரம் ஒட்டிக்குமா? இன்னா மச்சான், வெளாட்றியா?” என்றார் அப்பா. இருபது வருடம் மரத்தை இறுக்கும் கிளாம்பும் ஆணியுமாக வாழ்ந்தவருக்குக் கோபம் வராதா? ஆனாலும் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அச்சை அறுத்தவரும் அவர்தான். பிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயை மாமா தம்பியின் முதுகைச் சுற்றி மெதுவாக வளைத்து அளவெடுக்க, தம்பி கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா காற்றை உறிஞ்சும் பம்ப்பாக ஒரு பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரோடு வந்தார். புது மெத்தைக்கு உறையாக வந்த கனத்த பிளாஸ்டிக்தான் பை. பசை தடவிய தகடுகளை அச்சோடு அதற்குள் வைத்து, கம்ப்ரஸரின் குழாயையும் நுழைத்து, ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டையை அடைக்கிற கறுப்பு மக்கை உருட்டி அதன் வாயை ஒட்டினார். கம்ப்ரஸர் உறுமியது. பை சுருங்கிச் சுருங்கி அச்சோடு இறுகியது. தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

“மாமா, பம்ப்பா அழுத்துது?”

“பம்ப் உள்ள கீற காத்த எட்த்துகினு போவுது, அவ்ளோதான். அழுத்தறது வெளிய கீற காத்து, பாப்பா.”

“அப்ப என்னையும் அழுத்துதா?”

“உன்னையுந்தான். உனுக்குள்ள கீற காத்து அத்த திருப்பித் தள்ளுது. அதான் தெரியல.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் மூச்சை முழுக்க விடவே பயந்தேன்.

அரை மணி நேரத்தில் பை தொளதொளக்கத் தொடங்கியது. எங்கேயோ ஓட்டை. வாசலில் போகிற கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் காற்று கசியும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பசை பிடிப்பதற்குள் தகடுகள் எழும்பிவிட்டால் அத்தனையும் வீண். வேறு வெனீரும் கிடையாது. மாமா பையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கன்னத்தை ஈரமாக்கிக்கொண்டு ஓரத்தோடு ஓரமாக நகர்த்தினேன். ஒரு மடிப்பில் ஜில்லென்றது. விரலை வைத்ததும் பை மறுபடி இறுகியது.

“இங்க! இங்க!” என்று கத்தினேன். ஆனால் மாமாவிடம் மக்கு தீர்ந்துபோயிருந்தது. அம்மா தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு அடுப்படிக்கு ஓடி, பூரிக்குப் பிசைந்த மாவை அள்ளி வந்தாள். என் விரலை எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் மாவை அப்பியது அப்பாதான். காற்றை நம்பாத மனிதர், சாயங்காலம் வரை மாவு உலர உலரத் தண்ணீர் தொட்டு அழுத்திக்கொண்டே இருந்தார்.

பையைப் பிரித்தபோது பலகை வளைந்து நின்றது. அதை நாற்காலியில் பொருத்தி, பஞ்சு வைத்து, தம்பியை உட்கார வைத்து அம்மாவின் துப்பட்டாவால் கட்டினோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம்... அவன் சரியவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடி, போகிற லாரியின் ஹாரன் மாதிரியே கத்தினான். மாமா விசிலடித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, வேறொரு கட்டையில் அதே வளைவை இரண்டு விரற்கடை பெரிதாக வரைந்துகொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் பெர்சா போடுங்க” என்றாள்.

ஆறாவது வயதை அவன் தாண்டுவது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பே சொல்லியிருந்தது, அவனுக்கு நாலாவது பலகை செய்யும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம், இருபது வருடத் தச்சர் ஒருவர் அளவைத் தப்பாக வரைவதும், அம்மா அதை இன்னும் தப்பாக்குவதும்தான்.

“தம்பி அவ்ளோ பெர்சு இல்லப்பா” என்று அவரைத் திருத்தினேன். அப்பா கோட்டை இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் போட்டார்.