தலைக்கு இவ்வளவு மானியம்

காலை ஏழு மணி, பதினாறு பிள்ளைகள், வாத்தியார் பெயர் சிவலிங்கம்: 1933-இல் சிலாங்கூரில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இப்படித்தான் திறந்தது. அந்தச் சிவலிங்கம் நான்தான். பத்திரிகை ஆபீசுக்குப் போகும் முன் பார்த்த வேலை அது. தோட்டத்து வாத்தியாராக அடிபட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலாய்ப் பள்ளிக்கூடங்களைச் சர்க்காரே நடத்தியது. நமக்கு மானியம் மட்டும்தான். அதுவும் தினம் வருகிற பிள்ளைகளின் தலையை எண்ணி, இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டுப் பார்த்த பிறகுதான். பணம் தோட்டத்துத் துரையிடம் போகும். அது குறைந்தால் துரை முகம் சுளிப்பார், வாத்தியார் வேலை ஆட்டம் காணும்.

பெரட்டுக் களம்

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரும் கூடும் இடத்தில் கங்காணி பெரியவர்களை எண்ணுவார். நான் பக்கத்தில் நின்று சின்னவர்களைப் பிடிப்பேன். ரப்பர் பால் வடியும் மங்குகளைத் துடைக்கவும், உறைந்துபோன கட்டிப்பால் பொறுக்கவும் தாய்மார்கள் பிள்ளைகளை ரப்பர் காட்டுக்குள் கூட்டிப் போய்விடுவார்கள். ஒருநாள் அஞ்சலை என்பவளின் மகனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "வாத்தியாரே, இவன் தலைக்கு சர்க்காரு உங்களுக்குக் காசு குடுக்குது. இவன் கைக்கு எனக்கு அரை வாளி பாலு வருது. தலைய நீங்க வச்சுக்கங்க, கைய நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஆற்றைத் தாண்டினால் அதே கம்பெனியின் இன்னொரு தோட்டம். அங்கே வாத்தியார் சின்னப்பன், என்னைவிட ஆறேழு வயது இளையவர். அவருடைய துரை, மத்தியானம் வரை எந்தப் பிள்ளையும் காட்டுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். பெஞ்சு நிறையப் பிள்ளைகள், அதனால் நிறைய மானியம், அதனால் தகரக் கூரை, அதைப் பார்த்து இன்னும் பிள்ளைகள். எனக்கு அத்தாப்பு ஓலைக் கூரையும், சுவரில்லாமல் மூன்று பக்கம் வெளியும். இரவில் சாப்பிடும்போதுகூட அந்தத் தகரக் கூரை என் தொண்டையில் நின்றது. மழை பெய்தால், அது போடும் சத்தத்தில் அவர் பாடம் கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் அவரும் இருந்தார். எனக்கும் ஒரு தேநீர் சொல்லிவிட்டு, நாலு பேர் கேட்கும்படி விசாரித்தார்: "உங்க பள்ளிக்கூடத்துல காத்து நல்லா வருதாமே அண்ணே! சுவரு வச்சுக் கெடுத்துராதீங்க."

கிராணி சொன்னது

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் மெதுவாகத்தான் சொல்வார். இரண்டு பள்ளிக்கூடம் எதற்கு என்று கம்பெனியில் பேச்சு வந்துவிட்டதாம். இந்த இன்ஸ்பெக்‌ஷனில் மானியம் ஏறாவிட்டால் என்னுடையதை மூடிவிடுவார்கள். "உங்களுக்கு வேலை போகாது சார், பயப்படாதீங்க. அந்தப் பக்கம் சின்னப்பன் சாருக்குக் கீழே ரெண்டாம் வாத்தியாரு."

மலாய் வாத்தியார்

கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் போகும்போது நின்று பேசுவார். மாதம் பிறந்தால் சர்க்கார் சம்பளம். அந்த சைக்கிள் மீதும் எனக்கு ஒரு கண் உண்டு. மலேரியாவில் பாதிப் பிள்ளைகள் படுத்த மாதம், என் கவலையைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. மலாய் மொழியில் கேட்டார்: "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் பள்ளிக்கூடத்துக்குமா காய்ச்சல்?"

எண்ணெய்க் குளியல்

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்ததும் கங்காணி முனியாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு என்னைவிடக் கோபம். "அந்தப் பக்கத்தானுக்குக் கீழ நம்ம வாத்தியாரா? விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடி செய்தார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று ஒரு பிள்ளைகூடக் காட்டுக்குப் போகவில்லை. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் விடியுமுன்பே சேர்ந்து, தீபாவளி மாதிரி, பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றினார்கள். பிறகு சுடுசோறும் கோழிக் குழம்பும். அஞ்சலை தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். நாற்பத்தொரு தலை! சின்னப்பன் இதைப் பார்க்க வேண்டுமே என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். எண்ணெய்க் குளியலும் கோழிக் குழம்பும் ஒன்பதரைக்கே வேலையைத் தொடங்கிவிட்டன. முன்வரிசை மேசையில் சாய்ந்தது. பின்வரிசை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது. நான் பிரம்பால் பலகையைத் தட்டினேன். ஒருவன் கண் திறந்து, "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தான். இன்ஸ்பெக்டர் மதராசில் தமிழ் படித்த வெள்ளைக்காரர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, யாரும் விழித்துவிடாதபடி மெல்லச் சொன்னார்: "அனைவரும் வந்திருக்கிறார்கள். ஒருவரும் இங்கே இல்லை."

சின்னப்பன் வந்தார்

ஒரு கேள்விகூடக் கேட்காமல் இன்ஸ்பெக்டர் திரும்பிப் போன செய்தி அன்று மாலையே ஆற்றைத் தாண்டிவிட்டது. சிரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, என் வீட்டுக் கதவருகிலேயே நின்றேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை பெண்கள் எண்ணெய் தேய்த்தார்கள், கோழி யார் வீட்டுக் கோழி என்று துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க பக்கம் துரை சொன்னாருன்னு பிள்ளைங்கள அனுப்புறாங்க, அவ்வளவுதான். எனக்காக ஒரு சொட்டு எண்ணெய் செலவு பண்ண ஆள் கிடையாது. குடுத்து வச்சவரு அண்ணே நீங்க."

பொறாமைக்கு மானியம் கொடுக்கும் இலாகா எதுவும் சிலாங்கூரில் இல்லாததால், 1935 ஜனவரியில் என் பள்ளிக்கூடம் மூடப்பட்டு, நான் சின்னப்பனுக்குக் கீழ் இரண்டாம் வாத்தியாராகச் சேர்ந்தேன்.