சீமை அகத்தி யார் ஊர்ச் செடி?

பாவாடை நாடா கட்டும் இடத்தில் எனக்குப் படர்தாமரை வந்தது. பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தால் வேர்வை அங்கேதான் தேங்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபைத் தடவினால் நாலு நாள் அடங்கும். அப்புறம் முன்னைவிடப் பெரிதாகப் படரும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் தொளதொள யூனிஃபார்மைப் பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி ஒரு நர்சிங் மாணவி வந்தாள். நைஜீரியாப் பெண். இங்கே வந்த இரண்டு வருடத்தில் தமிழ் கொஞ்சம் பழகியிருந்தாள். நான் இடுப்பைச் சொறிவதைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, வட்டமா இருக்கா? எங்க ஊர்ல அம்மா இலை தேய்ப்பாங்க."

போனில் படம் காட்டினாள். மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நின்ற மஞ்சள் பூ.

"அட, இது எங்கம்மா வூட்டுப் பக்கம் ஓடையில கெடக்குதே! சீமை அகத்தி."

"இல்லக்கா, இது எங்க ஊர்ச் செடி."

"எங்க ஊர்ச் செடிம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் செடி என்றால் அதற்கு ஏன் சீமை என்று பேர்? அவளிடம் கேட்டேன். அவள் போனில் தேடிப் பார்த்தாள்; இரண்டு ஊரும் இல்லை, அமெரிக்கப் பக்கத்துச் செடியாம்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டையில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய் இலை பறித்து வந்தேன். அரைத்துத் தடவியதும் எரிந்தது. ஆறுவதால் எரிகிறதா, புண்ணாவதால் எரிகிறதா? பயம் வந்துவிட்டது. தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க அரியலூருக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்து, ட்யூப், இலை இரண்டையும் சொன்னேன்.

"மொதல்ல அந்த ட்யூபைத் தூக்கிப் போடுங்க. அதுதான் ஏத்தி வுட்டிருக்கு. மாத்திரை எழுதித் தரேன். இலையெல்லாம் வேணாம்."

"சரிங்க டாக்டர்."

மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். இலையையும் விடவில்லை. எதை நிறுத்துவது? நிறுத்தியதுதான் மருந்தாக இருந்துவிட்டால்?

ஒன்றரை மாதத்தில் தோல் சுத்தமானது.

"பாத்தீங்களா, இலை இல்லாமலே சரியாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன்.

மறுவாரம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். போனில் தன் அம்மாவோடு அவர்கள் மொழியில் பேசிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இலை கேட்டுச்சான்னு அம்மா கேக்குறாங்க."

"கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு."

அவள் அதைச் சொன்னதும் போனுக்குள் அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லாமல் மறைத்தது தப்பா, இவர்களிடம் சொன்னது பொய்யா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.