அக்கா எழுதிய அன்றாட வாக்கியங்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவருக்காக விளக்கேற்ற மலையேறி வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் பெற்றோர் சார்பில் வணங்குகிறேன். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். "கூட்டியும் எழுதாத, கொறச்சும் எழுதாத. அவளுக்கு ரெண்டும் புடிக்காது" என்றார். அந்த வரம்புக்குள் நின்றே எழுத முயல்கிறேன்.

அக்கா பிறந்தது றக்வானை நகருக்கு மேலே, பஸ் திரும்பிச் செல்லும் சந்தியிலிருந்து இரண்டு மைல் கட்டை தூரத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தார். அக்காவுக்கும் எனக்கும் பதினான்கு வயது இடைவெளி. ஏழு வயதில் அக்காவின் இதய வால்வு ஒன்று பழுதென்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருநாள் கிளினிக். இலக்கம் கூப்பிடும்வரை வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் அம்மா கண்ணயர்வார். அக்கா சுவரில் மும்மொழியிலும் எழுதியிருந்த அறிவித்தல்களைத் தமிழோடு ஒப்பிட்டு, மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எச்சில் துப்பாதீர்கள், வரிசையில் நில்லுங்கள் என்பவையே தனக்கு முதலில் வந்த ஆங்கிலம் என்று பின்னாளில் சிரிப்பார்.

உயர்தரப் பரீட்சை முடித்தபின் எங்கள் தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரிய உதவியாளராக நியமனம் கிடைத்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம். எழுத்து, சொல், சிறு வாக்கியம், வாசிப்பு. அக்கா ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மார்கழி பஜனையில் முன்னே பாடுபவர் ஓரடி எடுத்துத் தர, மற்றவர்கள் ஏந்திப் பாடிப் பழகிய மலை இது. எங்கள் பிள்ளைகள் காதால் எதையும் பிடித்துவிடுவார்கள். அதில் ஒரு பிழை ஒளிந்திருந்ததை அக்காவும் நெடுநாள் அறியவில்லை.

நான் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில் வகுப்பில் அக்காவுக்கு உதவியாக இருந்தேன். அப்போது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பொறுப்பான அம்மையார் ஒருவர் பார்வையிட வந்தார். தரம் மூன்றில் படித்த தர்ஷிகா எழுந்து, புத்தகத்தை விரித்து, சந்தைக்குப் போகும் சிறுமியின் பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். பாதியில் காற்றடித்துத் தாள் புரண்டது. அவள் கண் முன்னே இப்போது வேறொரு பாடம். ஆயினும் சந்தைக் கதை ஒரு சொல்லும் தடுமாறாமல் தொடர்ந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவே, எந்த நிறுத்தக்குறியும் இல்லாத இடத்தில், அவள் நிறுத்தி நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டாள். அக்கா வழக்கமாக மூச்சு வாங்கும் இடம் அது.

குறிப்பு எழுதக் குனிந்திருந்த அம்மையார் இதைக் கவனிக்கவில்லை. "ஹொந்தயி மிஸ்! டவுன் ஸ்கூல் பிள்ளை மாதிரி" என்று பாராட்டி எழுதிக் கையொப்பமிட்டுப் போனார்.

வீடு திரும்பும் வழியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"ஒரு எழுத்துகூட வாசிக்கல. என்னையேதான் ஒப்பிச்சா. என் எளப்பையும் சேத்து."

"அந்த மிஸ் கவனிக்கலையே."

"நான் கவனிச்சிட்டேனே."

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். பாராட்டுக் கிடைத்த செய்தி லயமெங்கும் பரவியிருந்தது. தர்ஷிகாவின் தாயார் கமலா, பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை விரிக்குமுன் அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தெரியும்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடது. மறுபடி ஆனாவுல இருந்து தொடங்கணும்."

"அனே டீச்சர்! என் மக மடமடன்னு வாசிச்சாளே, நானே கேட்டேனே!"

"அது மனப்பாடம், கமலாக்கா."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப ரெண்டு வருஷமா என்னதான் சொல்லிக் குடுத்தீங்க? என் மகன நான் டவுனுக்கே அனுப்பிக்கிறேன்."

"டவுன்ல மட்டும் என்னவாம்? அங்கயும் இதே கத்துதான். பஸ்ல வாந்தி எடுக்கிறதுதான் உபரி" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாதம் இரண்டு பிள்ளைகள் விலகிப் போனார்கள். கமலா பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை காலை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஹரி, சரி டீச்சர். மொதல்ல இருந்தே சொல்லிக் குடுங்க. ஆனா இந்தத் தடவ நெசமா வாசிக்க வரணும். ஆஸ்பத்திரில குடுக்கிற இங்கிலீஷ் துண்டுச் சீட்ட வச்சிக்கிட்டு நான் யார் யார்கிட்டயோ காட்டிக்கிட்டுத் திரியிறேன். இவளும் அப்படித் திரியக் கூடாது."

அதே மாதம் கிளினிக்கில் வைத்தியர், மலையேறி வேலைக்குப் போவதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் இன்னும் சில ஆண்டுகள் நிச்சயம் என்றார். அக்கா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பிள்ளைங்க வாசிக்கட்டும்மா. அப்புறம் வேலையில இருந்து நின்னுக்கிறேன்."

அன்றிலிருந்து அக்கா எதையும் முதலில் வாசித்துக் காட்டவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரமாக நடந்து வருவார். அங்கே அன்று காதில் விழுந்த செய்தி ஒன்றை, பிள்ளைகளுக்குத் தெரிந்த எழுத்துகளைக் கொண்டு, கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியமாக எழுதுவார். லொறி வரவில்லை. இன்று மூன்றாம் மலையில் கொழுந்து. யார் வீட்டிலோ குழந்தை பிறந்திருக்கிறது. நேற்றுவரை இல்லாத வாக்கியத்தை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுதிவிட்டுக் கதிரையில் அமர்ந்து காத்திருப்பார். பிள்ளைகள் அவர் வாயையே பார்த்திருப்பார்கள். அவர் வாய் திறக்கமாட்டார். முதல் மாதங்களில் அந்த மௌனத்தை என்னால் தாங்க முடிந்ததில்லை.

ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு காலை. துரை பங்களாவின் ரோசாப் பூக்களை ஓர் ஆடு தின்றுவிட்டது என்பது அன்றைய வாக்கியம். தர்ஷிகா எழுத்தெழுத்தாகக் கூட்டி, பின்னே போய், மறுபடி முன்னே வந்தாள். திடீரென்று மேசையில் அடித்தாள்.

"பொய் மிஸ்! அது எங்க ஆடு இல்ல! எங்க ஆடு கட்டித்தான் இருந்திச்சு!"

"ஒங்க ஆடுதான்டி! வாயில முள்ளோட வந்திச்சு, நான் பார்த்தேன்!" என்று பக்கத்திலிருந்தவள் கூவினாள். வகுப்பே உருண்டு சிரித்தது.

"உங்க ஆடுன்னு அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார் அக்கா.

தர்ஷிகா பலகைக்கு அருகே போய், விரல் வைத்து இன்னொருமுறை வாசித்தாள். "இல்ல மிஸ். சும்மா ஆடுன்னுதான் இருக்கு."

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். எழுதப்பட்டதற்கும் நாம் எண்ணிக்கொண்டதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றிப் பல விரிவுரைகள் கேட்டுவிட்டேன். ஓர் எட்டு வயதுப் பிள்ளை அதைத் தானாகவே கண்டுகொண்டதை நான் நேரில் பார்த்தேன். அதற்கான வழியைத் திறந்துவிட்டு, பேசாமல் கதிரையில் இருந்தவர் என் அக்கா. அந்தக் காலையை இன்றும் திகைப்பில்லாமல் நினைக்க முடியவில்லை.

வேலையை நிறுத்துவதாகச் சொன்ன அக்கா நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னே சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். கடந்த ஆண்டின் தொடக்கத்தில் கால்கள் வீங்கின. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தும், உடல் தாங்காதென்று திருப்பி அனுப்பினார்கள். படுக்கையில் இருந்தபடியே அக்கா நாளும் ஒரு வாக்கியம் எழுதினார். பெரட்டுச் செய்தியை அப்பா கேட்டு வருவார். விடுமுறையில் வந்திருந்த நான் எடுத்துப்போய்ப் பலகையில் எழுதினேன். முப்பத்தாறாம் வயதில், அம்மாவின் மடியில் அக்காவின் மூச்சு அடங்கியது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எந்த நேரம் அழைத்தாலும் "நங்கி, பய வென்ன எப்பா, பயப்படாத தங்கச்சி" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்த சுனில் ஐயாவுக்கும், அக்காவைக் கதிரையோடு தூக்கிப் பாதைவரை இறக்கிய லயத்துப் பெண்களுக்கும், அக்காவின் வகுப்பை யாருக்கும் மாற்றாமல் வைத்திருந்த பாடசாலை அதிபருக்கும், கஞ்சியோடு தினமும் வந்த கமலா அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நன்றி தனியானது. அக்கா மறைவதற்கு நான்கு நாட்களுக்கு முன், தாளில் இப்படியொரு வாக்கியம் இருந்தது: இன்று என்னால் எழுந்து உட்கார முடியவில்லை.

"இதயாக்கா எழுதிப் போடச் சொல்றீங்க?"

"இன்னைக்கு நம்ம வீட்டுச் சேதி இதுதானே."

எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன். தரம் ஐந்துக்கு வந்துவிட்ட தர்ஷிகா உதடு அசையாமல் வாசித்து முடித்தாள். எழுந்து என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "அப்ப நேத்து மிஸ்ஸால உக்கார முடிஞ்சிச்சாக்கா?"

நேற்றைப் பற்றிப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை. மாலையில் அக்காவிடம் சொன்னேன். 

"நீ ஏதும் எடுத்துக் குடுத்தியா?"

"இல்லக்கா. ஒரு வார்த்த சொல்லல."

அக்காவின் முகம் மலர்ந்ததை, அந்த நோயின் நடுவே அப்படி மலர்ந்ததை, எழுத என்னிடம் சொல் இல்லை. தாளைக் கேட்டார். கை எழுதவில்லை. அதனால் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

"நேத்து உக்காந்தேன், சன்னல் வழியா மழையப் பார்த்தேன்னு போடு. பிள்ள கேட்டிருக்குல்ல."